கத்தி வைப்பதற்கு முன் கேட்கப்படும் கேள்வி

வயிற்று வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களின் உறவினர்கள் என்னிடம் இரண்டு கேள்விகளை மாறி மாறிக் கேட்பார்கள். "ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே, இன்னும் ஏன் ஆபரேஷன் செய்யாமல் வைத்திருக்கிறார்கள்?" என்பார் ஒருவர். "இப்படித் துடிக்கிறாரே, நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோகாமல் ஸ்கேன் எதற்கு?" என்பார் இன்னொருவர். சிங்கப்பூரின் அரசாங்க மருத்துவமனை ஒன்றில், சிடி ஸ்கேன் பிரிவில் ரேடியோகிராஃபராக நான் வேலை செய்கிறேன். படத்தை எடுப்பது என் பொறுப்பு. அதைப் படித்து அறிக்கை எழுதுவது கதிரியக்க மருத்துவரின் பொறுப்பு. அந்த அறிக்கையையும் நோயாளியின் நிலையையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பது அறுவை மருத்துவரின் பொறுப்பு. இந்த மூன்று கட்டங்களுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால், மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். படம் தானாக எதையும் சொல்லிவிடுவதில்லை. அது கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக இருக்கிறது.

சிடி ஸ்கேன் நோயாளிக்கு முதன்முதலில் எடுக்கப்பட்டதும் ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான். இங்கிலாந்தின் இஎம்ஐ நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த கருவியில், 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனின் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளைக்கட்டி இருக்கலாம் என்று ஐயப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் படம் எடுக்கப்பட்டது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும், இதற்கான கணிதத்தைத் தனியாக வகுத்திருந்த ஆலன் கார்மாக்கும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தலையை அசையாமல் வைத்திருக்க முடியும் என்பதால் மூளைக்கு அது உடனே பயன்பட்டது. வயிறு அப்படிப்பட்டதல்ல: மூச்சு விட்டால் கல்லீரல் இறங்கி ஏறும், குடல் ஓயாமல் நெளியும். உடலின் ஒரு குறுக்குத் துண்டைக் காட்டும் படத்துக்கே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய கருவியால் வயிற்றை நம்பிக்கையோடு காட்ட முடியவில்லை. 1989இல், நோயாளி படுத்திருக்கும் மேசை நகரும்போதே கருவி சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் சுருள் முறை ஸ்கேனும், 1998இல் ஒரே சுற்றில் நான்கு துண்டுகளைப் பதிவு செய்யும் கருவிகளும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று விலாவின் அடியிலிருந்து இடுப்பு எலும்பு வரை ஒரே மூச்சுப் பிடிப்பில், பத்து விநாடிக்குள் எடுத்து முடித்துவிடுகிறோம்.

ஒவ்வொரு திசுவும் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கருவி ஓர் எண்ணாகப் பதிவு செய்கிறது. தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கொழுப்பு ஏறத்தாழ கழித்தல் 100, தசை 40இலிருந்து 60 வரை என்ற இந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்று பெயர். வயிற்றுக்குள் இருக்கும் நீர் வெறும் நீரா, இரத்தமா என்பதை ஊசியால் குத்திப் பார்க்காமலேயே பெரும்பாலும் இந்த எண்களைக் கொண்டு சொல்லிவிட முடிகிறது. குடலுக்கு வெளியே கடுகளவு காற்று தென்பட்டாலும், அது எங்கோ ஓட்டை விழுந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பலருக்கும் வியப்பாக இருக்கும் ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும்: வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புதான் படத்தைப் படிப்பவருக்குப் பெரிய துணை. அது உறுப்புகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. எங்கேனும் அழற்சி இருந்தால் அதைச் சுற்றியுள்ள கொழுப்பு கலங்கித் தெரிகிறது. எலும்பும் தோலுமாக இருக்கும் நோயாளியின் படத்தைப் படிப்பதுதான் அதிகக் கடினம்.

எங்கள் பிரிவுக்கு வரும் வயிற்றுப் படங்களில் வலது அடிவயிற்று வலிக்கானவை ஏராளம். குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைட்டிஸ்) என்று கேட்டவுடன் ஆபரேஷன் என்று மனம் ஓடுவது இயல்பு. ஆனால் வலது அடிவயிற்றில் வலியை உண்டாக்கும் நோய்கள் பல. 1986இல் ஆல்ஃபிரடோ அல்வராடோ வெளியிட்ட, மொத்தம் பத்து மதிப்பெண் கொண்ட ஓர் அளவுகோலை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தொப்புளருகே தொடங்கிய வலி வலப்பக்கம் நகர்ந்ததா, பசி போயிற்றா, அழுத்திவிட்டுக் கையை எடுக்கும்போது வலிக்கிறதா, இரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடியிருக்கின்றனவா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் வந்தால் நோய் குடல்வாலாக இருக்க வாய்ப்புக் குறைவு. மிக அதிகமாக வந்தால் ஐயத்துக்கு இடம் குறைவு. இடையில் நிற்பவர்களுக்குத்தான் ஸ்கேன் பெரிய உதவி செய்கிறது. குடல்வாலின் விட்டம் 6 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா, அதன் சுவர் தடித்திருக்கிறதா, சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியிருக்கிறதா, அதன் வாயை அடைத்துக்கொண்டு சிறு கல் இருக்கிறதா என்று கதிரியக்க மருத்துவர் தேடுவார். ஸ்கேன் பரவலாவதற்கு முன், குடல்வால் என்று வெட்டி எடுத்தவற்றில் ஏறத்தாழ 15இலிருந்து 20 விழுக்காடு வரை நோயில்லாதவையாக இருப்பதை அறுவை மருத்துவர்கள் தவிர்க்க முடியாதது என்றே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தவறவிட்டு அது வெடித்துப்போவதைவிட இது மேல் என்பது அக்காலத்துக் கணக்கு. ஸ்கேன் வந்த பிறகு அந்த விகிதம் பல இடங்களில் பத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

நம் பகுதிக்கே உரிய ஒரு காரணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பெருங்குடலின் சுவரில் வெளிப்புறமாகப் பிதுங்கும் சிறு பைகள் வயதானவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுபவை. மேலை நாடுகளில் அவை பெரும்பாலும் இடப்பக்கத்தில் தோன்றுகின்றன. சிங்கப்பூர் உட்பட ஆசிய நாடுகளில் வலப்பக்கத்தில் தோன்றுவது அதிகம். குடல்வாலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தப் பை ஒன்றில் அழற்சி ஏற்பட்டால், வலி, காய்ச்சல், இரத்தப் பரிசோதனை எல்லாமே குடல்வால் அழற்சியைப் போலவே இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் அனுபவமிக்க கைக்குக்கூட வேறுபாடு தெரியாமல் போகலாம். சிக்கல் இல்லாத நிலையில் இந்த நோய் பெரும்பாலும் நோய்க்கிருமிக்கொல்லி மருந்துக்கே அடங்கிவிடும். ஆகவே, ஸ்கேன் எடுத்த பின்பும் ஆபரேஷன் செய்யாமல் வைத்திருப்பதற்குக் காரணம், பல வேளைகளில் அந்த ஸ்கேனேதான். குடல்வால் ஏற்கெனவே வெடித்து, சீழ் ஓரிடத்தில் கட்டி நிற்கிறது என்று படத்தில் தெரிந்தாலும் உடனே வெட்டாமல், படத்தின் துணையோடு குழாய் செருகிச் சீழை வடித்துவிட்டு, அழற்சி தணியும் வரை காத்திருப்பது உண்டு. காத்திருப்பது கவனக்குறைவு என்று குடும்பத்தார் பதறும்போது இதை எடுத்துச் சொல்லவே நான் விரும்புகிறேன்.

நேர்மாறான நிலையும் இருக்கிறது. குடல் அடைப்பில் நேரம் மிக முக்கியம். சிறுகுடலில் அடைப்பு ஏற்பட மிகப் பொதுவான காரணம், முன்பு எப்போதோ செய்த வயிற்று ஆபரேஷனால் உள்ளே உருவான ஒட்டுத் திசுக்கள். ஸ்கேனில் சிறுகுடல் 3 செ.மீ.க்கு மேல் விரிந்திருக்கும். அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் திடீரெனச் சுருங்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது; குடலின் ஒரு வளைவு இரு முனையிலும் இறுக்கப்பட்டிருக்கிறதா, அதன் சுவருக்கு இரத்தம் போகிறதா என்பதுதான் அறுவை மருத்துவரின் உண்மையான கேள்வி. இரத்தம் போகிறது என்றால் மூக்கு வழியாகக் குழாய் செருகி வயிற்றை வடித்துவிட்டுக் காத்திருக்கலாம். வாய்வழி கொடுத்த கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்து) 24 மணி நேரத்துக்குள் பெருங்குடலை எட்டிவிட்டால், அடைப்பு தானாகவே விலகும் என்று பெரும்பாலும் நம்பலாம். இரத்தம் போகவில்லை என்றால் இரவு எத்தனை மணியானாலும் அறுவை அறை திறக்கப்படும். தொட்டுப் பார்த்தால் வயிறு மென்மையாகவே இருக்க, வலியோ தாங்க முடியாததாக இருக்கும் முதியவர்களை, அதிலும் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனவர்களைக் கண்டால் நாங்கள் வேகத்தைக் கூட்டுகிறோம். குடலுக்குப் போகும் தமனியில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்துவதற்கு முன் பார்க்கும் சிறுநீரகப் பரிசோதனையின் முடிவுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள்.

கான்ட்ராஸ்ட் மருந்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நோயாளிகளின் அச்சம் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கிறது. அயோடின் கலந்த இந்த மருந்தைக் கை இரத்தக்குழாயின் வழியே வேகமாகச் செலுத்துகிறோம். உடல் முழுவதும் சூடு பரவும். வாயில் உலோகச் சுவை தட்டும். சிறுநீர் பிரிந்துவிட்டதைப் போலத் தோன்றும். ஒரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வயதான பாட்டிமார் கூச்சத்தில் உடலை அசைத்துவிடுவார்கள், படம் கலங்கிவிடும். ஆகவே அவர்களுக்குத் தமிழிலேயே, அருகில் நின்று, நிதானமாகச் சொல்லிவிடுவேன். மருந்து செலுத்திய எத்தனையாவது விநாடியில் படம் எடுக்கிறோம் என்பதுதான் எங்கள் தொழிலின் நுட்பம். ஏறத்தாழ 35ஆவது விநாடியில் தமனிகளும், இரத்தம் அதிகம் பாயும் கட்டிகளும் பளிச்சிடும். ஏறத்தாழ 70ஆவது விநாடியில் கல்லீரல் முழுமையாக நிறம் பெறும். கல்லீரல் இறுகிப்போனவர்களிடமும், நாட்பட்ட ஹெப்பட்டைட்டிஸ் பி உள்ளவர்களிடமும் முதல் கட்டத்தில் பளிச்சிட்டுப் பின்னர் சுற்றியுள்ள திசுவைவிட மங்கிப்போகும் கட்டியைக் கண்டால், ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே அது கல்லீரல் புற்றுநோய் என்று பல வேளைகளில் உறுதி செய்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி கிடைக்கத் தொடங்கியது 1987இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் தங்கள் நிலையை ஒருமுறையாவது பரிசோதித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

புற்றுநோய் அறுவைகளில் ஸ்கேனின் வேலை, நோய் இருக்கிறதா என்று சொல்வதோடு முடிவதில்லை. வெட்டி எடுக்க முடியுமா, எடுத்தால் மிச்சம் போதுமா என்பதற்கும் அது பதில் சொல்ல வேண்டும். கல்லீரலில் ஒரு பகுதியை எடுக்கத் திட்டமிட்டால், மிஞ்சப்போகும் பகுதியின் கன அளவைப் படத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். நல்ல கல்லீரலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரும்பாலும் சமாளித்துவிடும். இறுகிப்போன கல்லீரலில் 40 விழுக்காடாவது வேண்டும். போதாது என்றால், எடுக்கப்போகும் பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையின் கிளையை அடைத்துவிட்டுச் சில வாரங்கள் காத்திருப்பார்கள், மறுபகுதி வளரும், மீண்டும் ஸ்கேன் எடுத்து அளந்து பார்த்த பிறகே ஆபரேஷன். கணையப் புற்றுநோயில், கட்டி குடலுக்குச் செல்லும் முக்கியத் தமனியைத் தொடுகிறதா, தொட்டால் அதன் சுற்றளவில் பாதிக்கு மேல் வளைத்திருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் சிகிச்சையின் பாதை மாறிவிடலாம். பாதிக்கு மேல் என்றால் பெரும்பாலும் நேராக அறுவைக்குப் போகாமல் முதலில் கீமோதெரபி கொடுப்பார்கள். சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்றான பெருங்குடல் புற்றுநோயிலும், நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று பார்க்காமல் ஆபரேஷன் தேதி குறிப்பதில்லை. சில நாள் தாமதம் ஏன் என்று கேட்பவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வயிற்றைத் திறந்த பிறகு எடுக்க முடியாது என்று தெரிந்து அப்படியே மூடித் தைப்பது நோயாளிக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் இந்தக் கருவி காட்டிவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. பித்தப்பைக் கற்களில் பல சுற்றியுள்ள பித்தநீரின் அதே அடர்த்தியில் இருப்பதால் சிடியில் தெரியாமலே போகும். அதற்கு அல்ட்ராசவுண்ட்தான் முதல் தேர்வு. சிறுநீரகக் கல்லுக்கோ, கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியே மிகச் சிறந்தது. மலக்குடல் புற்றுநோய் சுற்றுப்புறத்தில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு எம்ஆர்ஐ வேண்டும். வயிற்றின் உள்ளுறையில் மணல் தூவியதைப் போலப் பரவும் சிறு புற்றுத் துகள்களை ஸ்கேன் பல நேரம் காட்டுவதில்லை. ஆகவே இரைப்பைப் புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன் செய்வதற்கு முன், சிறு துளை வழியே கேமராவைச் செலுத்தி நேரில் பார்த்துக்கொள்வது வழக்கம். படத்தில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்த பிறகும் நோயாளியின் வயிறு பலகையாக இறுகிப்போயிருந்தால், அறுவை மருத்துவர் படத்தைவிடத் தம் கையையே நம்புவார். அது சரியான வழி என்றே நானும் கருதுகிறேன்.

கதிரியக்கத்தைப் பற்றிய கவலை நியாயமானது. வயிறும் இடுப்பும் சேர்ந்த ஒரு சிடி ஸ்கேனில் உடலுக்குச் சேரும் அளவு ஏறத்தாழ 8இலிருந்து 10 மில்லிசீவர்ட். இயற்கையாகவே ஆண்டுதோறும் மனிதர்களுக்குச் சேரும் கதிரியக்கத்தின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். அவசர நிலையில் கிடைக்கும் பயனோடு ஒப்பிட்டால் இது ஏற்கத்தக்கது. காரணமில்லாமல் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தக்கதல்ல. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக அல்ட்ராசவுண்டில் தொடங்குவதன் காரணம் இதுதான். கர்ப்பம் இருக்க வாய்ப்புண்டா என்று பெண்களிடம் கேட்பது எங்கள் கடமை. மாமியாரும் கணவரும் சூழ நிற்கும்போது இதைக் கேட்டால் உண்மையான பதில் வராது என்பதால், உறவினர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இறால் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, ஆகவே கான்ட்ராஸ்ட் மருந்து வேண்டாம் என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள ஒரு புரதம்; அயோடின் அல்ல. இதே கான்ட்ராஸ்ட் மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அதுதான் நாங்கள் கட்டாயம் அறிய வேண்டியது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் நம் சமூகத்தில் மிகுதி. சிறுநீரகம் நன்றாக இருந்தால் பொதுவாக அதை நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டிருந்தால் கான்ட்ராஸ்ட் செலுத்திய பின் மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்தி, மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்த பிறகு தொடரச் சொல்வார்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) வாங்கும் மாத்திரைகளின் பட்டியலை ஒரு தாளிலோ கைப்பேசியிலோ வைத்திருந்தால், நள்ளிரவில் யாரும் நினைவைத் தேடித் தவிக்க வேண்டியிருக்காது.

நோயாளி சொல்லும் செய்தி படத்தை எவ்வளவு மாற்றிவிடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். "இதற்கு முன் வயிற்றில் ஆபரேஷன் செய்ததுண்டா?" என்று கேட்டால், பல பாட்டிமார் இல்லை என்று தலையசைப்பார்கள். ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட கருத்தடை அறுவையையோ, மூன்றாவது பிரசவத்தில் வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்ததையோ அவர்கள் ஆபரேஷன் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஒரு வரி, ஸ்கேன் கேட்டு மருத்துவர் அனுப்பும் விண்ணப்பத்தில் இருந்தால், கதிரியக்க மருத்துவர் அந்தப் பழைய தழும்பின் அடியிலிருந்தே ஒட்டுத் திசுவைத் தேடத் தொடங்குவார்.

விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களிடம் வேறொரு தயக்கம் இருக்கிறது. செலவுக்கும் வேலைக்கும் பயந்து, மூன்று நான்கு நாள் வலியை மாத்திரையால் அடக்கிவிட்டு வருவார்கள்; வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் இன்று காலை என்பார்கள். வேலை அனுமதி அட்டை வைத்திருப்போரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்குமான காப்பீடு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளியாக இருக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் விதி. தம்பிமார் இதை அறிந்து, நாள் கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு நாள் வலிக்கும் நான்கு நாள் வலிக்கும் ஒரே படத்தை வேறு விதமாகப் படிக்க வேண்டியிருக்கும்.

சிறிய விஷயங்களும் உண்டு. வெள்ளி அரைஞாண் கொடி, இடுப்பில் கட்டிய தாயத்து, புடவையில் மறந்துபோன ஊக்கு ஆகியவை எல்லாம் படத்தில் நட்சத்திரக் கோடுகளாகச் சிதறி, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று அஞ்ச வேண்டாம். வயிற்றுப் படத்துக்கு அதைக் கழுத்தருகே உயர்த்தி வைத்தாலே பெரும்பாலும் போதும். அரைஞாண் கொடியை மட்டும் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும், அதை வாங்கி உறவினர் கையில் பத்திரமாகக் கொடுத்துவிடுவோம்.

கடைசியாக, மலேசியாவின் ஜொகூரிலோ சென்னையிலோ திருச்சியிலோ எடுத்த ஸ்கேனோடு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர்கள் கொண்டுவருவது அறிக்கைத் தாளும், சில படங்கள் அச்சிட்ட பெரிய ஃபிலிமும் மட்டுமே. அறுவை மருத்துவருக்கு வேண்டியது முழுப் படத்தொகுப்பு. அது குறுந்தட்டில் இருந்தால் நூற்றுக்கணக்கான துண்டுகளையும் எங்கள் கணினியில் ஏற்றி, புதிய படத்துக்குப் பக்கத்தில் வைத்து, கல்லீரலில் தெரியும் அந்தச் சிறு புள்ளி ஈராண்டுக்கு முன்பும் இதே அளவில் இருந்ததா என்று ஒப்பிட முடியும். மாறாமல் இருந்திருந்தால் ஓர் ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம். எங்கே ஸ்கேன் எடுத்தாலும், புறப்படும் முன் குறுந்தட்டைக் கேட்டு வாங்கி, அதன் மேல் தேதியை எழுதி, பாஸ்போர்ட் இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.